படிக்காமல் போட்ட ஆமென்

தேயிலை பேக்டரிக்குக் கிளம்பும் முன்பே என் போனில் ஐம்பது பைபிள் வசனப் படங்கள் வந்து கிடக்கும். ஒன்றையும் படிக்க மாட்டேன். எல்லாவற்றுக்கும் 'ஆமென்' மட்டும் போட்டுவிடுவேன். அன்றும் பஸ்ஸில் அப்படித்தான் போட்டுக்கொண்டே போனேன்.

மத்தியானம் பக்கத்து ஊரான ரிங்லெட்டிலிருந்து என் நாத்தனார் கரேன் கூப்பிட்டாள்.

"அண்ணி, காய்ச்சல்ல எந்திரிக்க முடியல, யாராச்சும் வாங்கன்னு குடும்ப குரூப்புல போட்டேன். நீங்க ஆமென் போட்டிருக்கீங்க. வர்றீங்களா, இல்ல ஜெபம் மட்டும்தானா? சொல்லுங்க லா."

முகமெல்லாம் எரிந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ரசமும் மாத்திரையுமாக ஓடினேன். அவள் திட்டவில்லை, சிரித்தாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், திருந்தியிருக்க மாட்டேன்.

இப்போது வசன குரூப்புகள் எதிலும் நான் இல்லை. வீட்டில் போன் மைலோ டின்னுக்குள் கிடக்கும். யாராவது கூப்பிட்டால் எடுப்பேன். குடும்ப குரூப்பைக் காலையும் மாலையும் பத்து நிமிடம் பார்ப்பேன், முழுதாகப் படிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் கரேன் ஜெபித்தாள்.

"கூப்பிட்டவுடனே ஓடி வந்த அண்ணிக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே."

"ரெண்டாவது தடவை கூப்பிட்டப்பதான்" என்றேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே திருத்திச் சொன்னாள்.

"ஆமென்" என்றேன்.