தினம் ஒரு தப்பு வேணும், டீச்சர்

எனக்குப் பொறுமை கிடையாது. டீச்சர் வேலையில இருந்துக்கிட்டு இதைச் சொல்லக் கூடாதுதான், என்ன பண்றது, உண்மை. அப்படிப்பட்ட என் தலையிலதான் பட்டாசைக் கட்டினாங்க.

பட்டாசுன்னா நாலாம் வகுப்புப் பொண்ணு. ஸ்டாஃப் ரூம்ல வெச்ச பேரு. அவளுக்கே தெரியும், அதுல பெருமை வேற. நான் போர்டுல கணக்கை எழுதி முடிக்கறதுக்குள்ள விடையைக் கத்திடுவா. விடை சரியா வேற இருக்கும், அதுதான் எரிச்சல். மத்த பிள்ளைங்க பென்சிலைச் சீவறதுக்குள்ள கணக்கு முடிஞ்சிரும். அப்புறம் மிச்ச நேரம் பூரா அவளுக்கு ஏதாவது வேலை வேணுமே? நாற்காலியை ரெண்டு கால்ல நிறுத்தி ஆட்டுவா. டெஸ்க்குக்கு அடியில புகுந்து எல்லார் ஷூ லேஸையும் ஒண்ணா முடிச்சுப் போடுவா. ஒரு நாள் ஜன்னல் கொக்கியோட திருகாணியை ஸ்கேலாலயே கழட்டி, "தளர்வா இருந்துச்சு டீச்சர்"னு என் கையில குடுத்தா.

கூடுதலா கணக்கு குடுத்துப் பார்த்தேன். "சரியா செஞ்சதுக்குத் தண்டனையா டீச்சர்?"னு கேட்டா. சரி, லீடர் ஆக்கிப் பார்ப்போம்னு ஆக்கினேன். அன்னைக்குச் சாயந்திரம் பாதி வகுப்பு அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போச்சு.

பெத்தவங்ககிட்ட இருந்து புகார் மேல புகார். எச்.எம். என்னைக் கூப்பிட்டாங்க. அவங்களும் ஒரு காலத்துல கணக்கு டீச்சர், சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதவங்க.

"மாசக் கடைசி வியாழக்கிழமை உங்க க்ளாஸ்ல வந்து உக்காரப் போறேன். அவ அப்பாவையும் வரச் சொல்லிடறேன். அன்னைக்கும் இவ இப்படியே இருந்தா, வேற ஸ்கூல் பார்த்துக்கச் சொல்லிட வேண்டியதுதான். மத்த பிள்ளைங்களும் படிக்கணும்ல?"

அவங்க சொன்னதுல நியாயம் இருந்துச்சு. ஆனா இவ ஏற்கெனவே ரெண்டு ஸ்கூல்ல இருந்து போகச் சொல்லி வந்தவ. இங்கயும் போன்னு சொன்னா, நான் யாருக்கும் வேண்டாத பிள்ளைன்னு அவ மனசுல ஆணி அடிச்ச மாதிரி பதிஞ்சிரும். எனக்கு அவ மேல கோபம் வந்த அளவுக்குப் பாசமும் வந்து தொலைஞ்சிருந்துச்சு.

அடுத்த நாள் தூக்கக் கலக்கத்துல ஏழை எட்டால பெருக்கி ஐம்பத்திநாலுன்னு போர்டுல எழுதிட்டேன். வகுப்பு அமைதியா இருந்துச்சு. என்னடா இது அதிசயம்னு திரும்பினா, பட்டாசு ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கா. வேற யாருக்காவது பிடிபடுதான்னு ஒவ்வொரு முகமா பார்க்கறா. அந்த வகுப்பு முடியற வரைக்கும் மூச்சுக் காட்டல. மணி அடிச்சதும் ஓடி வந்து என் காதுல, "டீச்சர், நீங்க ஒரு தப்புப் போட்டிருக்கீங்க. வேணும்னேதானே?"ன்னு கேட்டா.

"பின்னே?"ன்னேன், வாய் கூசாம.

"நாளைக்கும் ஒண்ணு வேணும் டீச்சர். தினம் ஒண்ணு!"

அங்கேயே பேசி முடிச்சோம். தினம் ஒரு தப்பு நான் போடுவேன். அவ விடையைச் சொல்லக் கூடாது. மத்தவங்களுக்கு உதவணும்னா கேள்வி மட்டும் கேட்கலாம்.

உடனே திருந்திட்டாளான்னா, அதெல்லாம் இல்ல. ரெண்டாவது நாளே பொறுக்க மாட்டாம கத்திட்டு, "ஐயையோ, போச்சே!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. ஆனா நாளாக நாளாக வகுப்பு மொத்தமும் தப்பைத் தேட ஆரம்பிச்சிருச்சு. அவ பக்கத்துல ஒரு பையன், வாயே திறக்க மாட்டான், பிள்ளைங்க அவனுக்கு மௌனச்சாமின்னு பேரு வெச்சிருந்தாங்க. அவன்கிட்ட குனிஞ்சு ஏதாவது ஒரு கேள்வியைக் கேட்டுட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பா. இவளுக்குக் காத்திருக்கவும் தெரியும்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது.

வியாழக்கிழமை வந்துச்சு. எச்.எம். கடைசி பெஞ்சுல வந்து உக்காந்தாங்க. அன்னைக்கு மட்டும் தப்பே வேண்டாம்னு நான் முடிவு பண்ணியிருந்தேன். எச்.எம். கண்ணு முன்னாடி தப்புத் தப்பா எழுதினா என் பொழைப்பு என்ன ஆகறது? அந்தப் பதட்டத்துல பட்டாசுகிட்ட சொல்லி வெக்கவும் மறந்துட்டேன்.

பாதி நேரம் ஓடிருச்சு. பட்டாசு போர்டை மேலேருந்து கீழ, கீழேருந்து மேல தேடறா. ஒண்ணும் கிடைக்கல. நாற்காலி மெதுவா பின்னால சாயுது. எச்.எம். பேனாவைத் திறந்தாங்க. வெளிய வராந்தாவுல அவ அப்பா நிக்கறார். பெயிண்டர், வேலையை விட்டு நேரா வந்திருக்கார், சட்டையெல்லாம் வெள்ளைப் புள்ளி.

மானம் போனா போகட்டும்னு சாக்பீஸை எடுத்தேன். அரையும் காலும் கூட்டினா ஆறுல ரெண்டுன்னு பெருசா எழுதினேன்.

நாற்காலி டக்குன்னு நாலு கால்லயும் நின்னுச்சு. ரெண்டு கையும் வாய்க்குப் போச்சு.

அப்பத்தான் கடைசி பெஞ்சுல இருந்து, "டீச்சர்! என்னது இது? தப்பு! அது வந்து—"ன்னு ஒரு சத்தம். எச்.எம்.தான்!

வகுப்பே திரும்பி "ஷ்ஷ்ஷ்!"னுச்சு. பாதி எழுந்த எச்.எம். அப்படியே நின்னுட்டாங்க. பட்டாசு எழுந்து, அவ கிட்ட நான் அதுவரைக்கும் பார்க்காத ஒரு மரியாதையோட சொன்னா:

"மேடம், விடையைச் சொல்லிடாதீங்க, ப்ளீஸ். மௌனச்சாமி இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கான். அடக்கறது கஷ்டம்தான் மேடம், எனக்குத் தெரியும். வாயைப் பொத்திக்கிட்டா கொஞ்சம் பரவாயில்லாம இருக்கும்."

எச்.எம். உக்காந்தாங்க. சத்தியமா சொல்றேன், வாயைப் பொத்திக்கிட்டாங்க.

பட்டாசு அவன் பக்கம் குனிஞ்சா. "பாதி பெருசா, ஆறுல ரெண்டு பெருசா?"

அவன் போர்டைப் பார்த்தான், விரலைப் பார்த்தான், மறுபடி போர்டைப் பார்த்தான். எழுந்து நின்னான்.

"டீச்சர், என்கிட்ட பாதி ரொட்டி இருக்கு. நீங்க இன்னொரு கால் ரொட்டி குடுக்கறீங்க. இப்ப பார்த்தா முன்னாடி இருந்ததை விடக் கம்மியா இருக்கு. என் ரொட்டியை யாரு தின்னா?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. பட்டாசு டெஸ்க் மேல ஏறி, "கண்டுபிடிச்சுட்டான்! அவனே கண்டுபிடிச்சுட்டான்!"னு குதிச்சா. கீழ இறங்குன்னு நான் அதட்டியிருக்கணும். மனசு வரல. தன் விடைக்கு அவ ஒரு நாளும் அப்படிக் குதிச்சதில்ல.

மணி அடிச்சு நாங்க வராந்தாவுக்கு வந்ததுமே அவ அப்பா கையைக் கூப்பினார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். வீட்டுல கண்டிச்சு வைக்கிறேன். உடைஞ்சது எதுவா இருந்தாலும் நானே சரி பண்ணிக் குடுத்துடறேன்."

"என்ன உடைஞ்சுது?"ன்னாங்க எச்.எம்.

"தெரியலைங்க மேடம். வழக்கமா இப்படித்தான் ஆரம்பிப்பேன்."

எச்.எம்.முக்குச் சிரிப்பை அடக்க முடியல. "ஒண்ணும் உடையலைங்க. உங்க பொண்ணு இங்கேயேதான் படிக்கப் போறா. டெஸ்க் மேல ஏறறதை டீச்சர் பார்த்துக்குவாங்க."

அந்த மனுஷன் கூப்பின கையை இறக்காம அப்படியே நின்னார். "அப்ப, நல்லதா சொல்றதுக்கா மேடம் என்னை நிக்க வெச்சீங்க?"ன்னு கேட்டார். நல்ல சேதி கேட்டு, பாவம், அவருக்குப் பழக்கமே இல்ல.

அதுக்குள்ள பட்டாசு ஓடி வந்து அவர் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. "அப்பா! அப்பா! இன்னைக்கு நான் கத்தவே இல்ல! மேடம்தான் கத்தினாங்க!"

"ஏய், வாயை மூடு..." அவருக்குப் பழக்க தோஷம், பாதியிலேயே நிறுத்திட்டார். அப்படியே படிக்கட்டுல உக்காந்து, அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு, கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

"சொல்லு கண்ணு. ஒண்ணு விடாம, மொதல்லேருந்து சொல்லு."

அவ ஸ்கூல் பூரா கேட்கற மாதிரி சொல்ல ஆரம்பிச்சா. எங்க யாருக்கும் அவளை மெதுவா பேசுன்னு சொல்லத் தோணல.