பனியாற்றில் ஓரினைக் கரைத்த நாள்

என் கணவர் ஓரின் சீவர்ட் துறைமுகத்திலிருந்து வாழ்நாள் பூராவும் பயணிகளை ஏற்றிப்போய்ப் பனியாறு காட்டியவர். வீட்டை விட்டுக் கிளம்பினால் தொப்பி, சாவி, கண்ணாடி என்று எதற்காகவாவது திரும்பி வருவார். செத்தால் சாம்பலைப் பனியாற்றின் முன்னால் போடு, சத்தமில்லாமல் போடு என்று சொல்லியிருந்தார். அந்தப் பின்பாதிதான் சிக்கல். அவர் ஓட்டிய படகின் முதலாளி ஸ்ட்ராவுடுக்குச் சத்தமில்லாமல் மூச்சுவிடக்கூட வராது.

தனிப் படகு கேட்டேன். சீசனில் ஏது தனிப் படகு என்றவர், பயணிகளோடு என்னையும் ஏற்றிக்கொண்டு, இன்று கேப்டனுக்கு இறுதி மரியாதை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். வழியில் தென்பட்ட கடல் நீர்நாய் ஒவ்வொன்றும் அபூர்வம் என்றார். மல்லாந்து மிதந்தபடி சிப்பி உடைத்துத் தின்ற அபூர்வங்கள் எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. மடியில் சாம்பல் டப்பாவோடு நானும் அப்படித்தான் இருந்தேன். நான் அழுவேன் என்று நாலைந்து பேர் கேமராவைத் திருப்பி வைத்திருந்தார்கள். அழுகை வரவில்லை. கைதான் சில்லிட்டிருந்தது.

பனியாற்றின் முன்னால் எஞ்சினை அணைத்தார்கள். மைக்கை அணைக்கவில்லை. ஸ்ட்ராவுட் மௌனத்தின் மகத்துவம் பற்றி நெடுநேரம் பேசினார். ஓரின் அவருக்குத் தம்பி மாதிரியாம். அந்தத் தம்பியைக் குளிர்காலம் வந்தால் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

பேச்சு முடிவதற்குள் பின்பக்கம் போய் டப்பாவைக் கவிழ்த்தேன். காற்று திரும்பிவிட்டது. பாதி தண்ணீரில் கலந்தது, மீதி படகையொட்டி மிதந்த பனிக்கட்டி மேல் படிந்தது. உருகினால் அதுவும் கடல்தானே என்று உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

படகில் ஒரு வழக்கம் உண்டு. பனியாற்றின் முன்னால் ஒரு பனிக்கட்டியை வலையில் அள்ளி, வாளியில் உடைத்து, கோப்பையில் போட்டு மது ஊற்றி விற்பார்கள். டப்பாவைக் கவிழ்த்தபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. ஓரினிடம் வேலை பார்த்த கஸ்ஸுக்குக் கைப்பழக்கம். படகையொட்டிக் கிடந்ததை அள்ளிவிட்டான்.

முதல் கோப்பை முதலாளிக்கு. அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அடியில் பொடியாக ஏதோ சுழன்றது.

"பாத்தீங்களா? ஆயிரம் வருஷத்து மலைத்தூசி. எங்க தேடினாலும் கெடைக்காது" என்று மைக்கில் சொல்லிவிட்டு ஒரே மடக்கில் குடித்தார்.

அடுத்த கோப்பை நிறைவதற்குள் கஸ்ஸிடம் போனேன்.

"அந்த வாளியக் குடு."

"எதுக்கு வெர்னா? இப்பதான ஒடச்சேன்."

"ஓரின் திரும்பவும் படகுல ஏறிட்டாரு. எதையாவது மறந்திருப்பாரு."

கஸ் வாளிக்குள் குனிந்து பார்த்தான். பிறகு முதலாளியைப் பார்த்தான்.

"அப்போ இவரு குடிச்சது?"

"தம்பி மாதிரின்னாருல்ல. விடு."

இருவரும் வாளியைப் பின்பக்கம் தூக்கிப்போய், தண்ணீர் தெறிக்காமல், சத்தமில்லாமல் கவிழ்த்தோம். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

உள்ளேயிருந்து ஒலிபெருக்கி கூப்பிட்டது. "கஸ், அதே தூசி போட்டு இன்னொண்ணு கொண்டா."