ஐந்து கடைக்காரர்கள்

போனில் ஆடும் சீட்டாட்டம் ஒன்றை நான் செய்தேன் என்பதே அரைப் பொய். படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றிக்கொள்ளும்படி இணையத்தில் விலைக்கு வந்த டெம்ப்ளேட் ஒன்றை வாங்கினேன். சீட்டு, சண்டை, எதிரி எல்லாம் அதிலேயே தயாராக இருந்தன. பனிமலையை ராஜகிரிக் கோட்டை ஆக்கினேன். உச்சியில் இருந்த டிராகனைத் தளபதி ஆக்கி மீசை வைத்தேன். இரண்டு மாத வேலை அவ்வளவுதான். கேட்பவர்களிடம் மட்டும் சொந்தமாகச் செய்தது என்பேன்.

பத்துச் சீட்டோடு அடிவாரத்தில் தொடங்க வேண்டும். சண்டையில் ஜெயித்தால் புதுச் சீட்டு, உச்சியில் தளபதியை வீழ்த்தினால் ஆட்டமே ஜெயம். செத்தால் சேர்த்ததெல்லாம் போச்சு, மறுபடி அடிவாரம். அந்தப் பத்தில் ஐந்து, எதிரியின் அடியைக் கொஞ்சம் தாங்கும் சீட்டுகள். யோசித்து வரையச் சோம்பலாக இருந்ததால், எங்கள் பாத்திரக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த அப்பாவை, எங்கள் வீட்டுப் பேச்சில் நைனாவையே வரைந்து 'கடைக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டேன். நெற்றியில் ஏற்றிய கண்ணாடி, கை வைத்த பனியன், எல்லாம் அப்படியே.

இதைப் பார்த்துச் சென்னைக் கம்பெனி ஒன்று என்னை வேலைக்குக் கூப்பிட்டது. உடனே சரி என்றுவிட்டால் எங்கள் நைனா துரைராஜ் இல்லையே. அமாவாசைக்குள் தான் ஒருமுறை ஜெயித்தால் நான் போகலாம், இல்லாவிட்டால் கடையில் உட்கார வேண்டும் என்றார். ஜெயிக்க முடியாத ஆட்டத்தை எவன் வாங்குவான் என்று கேள்வி வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் போனைக் கொடுத்தேன்.

கைக்கு வந்த முதல் ஐந்து சீட்டிலேயே தன் முகத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்து மளிகைக் கடைப் பாண்டுரங்கனைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு ஏறினார், செத்தார். மறுபடி ஏறினார், மறுபடி செத்தார். காரணம் எனக்குத் தெரியும். சீட்டு சேரச் சேர நல்ல சீட்டு கைக்கு வராது, உதவாததைக் கழிக்க வேண்டும். வழியில் வரும் வியாபாரியிடம் ஆட்டத்தில் சேர்த்த காசைக் கொடுத்தால் ஒரு சீட்டைக் கழித்துக்கொள்வான் என்று சொன்னேன்.

"காசும் குடுத்து, சரக்கையும் குடுக்கணுமா? இன்னா வியாபாரம் இது?" என்றார்.

இவரிடம் என்ன பேசுவது? ஊரெல்லாம் கேஸ் அடுப்பு வந்த பிறகும் எங்கள் கடைப் பரணில் பன்னிரண்டு மண்ணெண்ணெய் ஸ்டவ் இருக்கின்றன. வாங்க ஆள் வரும் என்று மாதாமாதம் துடைத்து வைக்கிற மனுஷர். ஆட்டத்திலும் நாற்பது சீட்டைக் கட்டிச் சுமந்துகொண்டு மலையேறி, தளபதியிடம் உதைபட்டுத் திரும்பினார்.

அமாவாசை அன்று மதியம். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் பாதி எங்கள் கடை நிழலில் இருந்தது. நான் கல்லாவில் இருந்தேன். நைனா ஸ்டூலில் உட்கார்ந்து புதிதாக ஒரு ஆட்டம் தொடங்கியிருந்தார். வியாபாரி வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"வேனிலு, எதத் தள்ளணும்? சொல்லு."

இந்த மாதிரி ஆட்டம் ஆடுகிறவர்கள் முதலில் கழிப்பதே பலமில்லாத ஆரம்பச் சீட்டுகளைத்தான். இத்தனை நாளாக அதை மட்டும் நான் சொல்லவே இல்லை. தெரியவில்லை என்று முனகினேன். முப்பது வருஷம் வாடிக்கைக்காரர் முகம் பார்த்தவரிடம் அது எடுபடுமா?

"இந்தக் கண்ணாடிக்காரனத்தானே?"

தலையாட்டினேன். அவமானமாக இருந்தது. அவர் அழுத்தினார். வியாபாரி வந்தபோதெல்லாம் ஒவ்வொன்றாக, பேரம் பேசாமல் ஐந்தையும் கழித்தார். உச்சிச் சண்டையில் நான்காவது கையிலேயே தளபதி விழுந்தான். நான் குதித்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

"இன்னிக்கி பஸ்ஸெல்லாம் மலையனூர் போவுது. நாளைக்குக் கெளம்பு" என்றார். பிறகு போனையே பார்த்தபடி, "தள்ளுனது போனதுதானா?" என்று கேட்டார்.

"இந்த ஆட்டத்துக்குத்தான், நைனா. புதுசா ஆரம்பிச்சா அஞ்சும் திரும்ப வந்துடும்."

உடனே புது ஆட்டம் அழுத்தினார். முதல் கையில் ஐந்தும் கடைக்காரர்களாகவே வந்து நின்றார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்த்தார். வழியில் வியாபாரி வந்தபோது எதையும் கழிக்கவில்லை. அடுத்த சண்டையிலேயே செத்தார்.