நான் அழித்த வரி

உற்பத்தி லைனை நிறுத்தாமல் ப்ரோக்ராமை மாற்ற முடியுமா என்று மேனேஜர் கேட்டபோது, முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொண்ணூற்று நான்காம் வருடம். ஓசூர் சிப்காட்டில் பிரேக் டிரம் செய்யும் ஒரு கம்பெனி. பி.எல்.சி. தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

பி.எல்.சி. என்பது லைன் முழுவதையும் ஓட்டும் பெட்டி. எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அதற்குள் வரிவரியாக எழுதி வைத்திருப்போம். எங்கள் பெட்டியில் மெமரி கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. லைன் ஓடும்போதே ஒரு வரியைத் திருத்தினால், புதியதைப் பெட்டி ஏற்றுக்கொள்ளும்வரை பழையதும் உள்ளேயே இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து இடம் வேண்டும். மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் மெமரி போதாது என்று திரை என் முகத்தில் அடித்தது. பத்து நிமிடம் லைனை நிறுத்தினால் வேலை முடிந்துவிடும். ஆனால் மேனேஜரிடம் திரும்பிப் போய்க் கேட்க என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

எதையாவது அழிக்கலாம் என்று தேடினேன். பெயர் எழுதாத ஒரு வரி கண்ணில் பட்டது. டிராயிங்கைப் புரட்டினேன், அதிலும் இல்லை. யாரோ சோதனைக்குப் போட்டு மறந்தது என்று நானே தீர்ப்பு எழுதி அழித்துவிட்டேன். எலக்ட்ரீஷியன் லால் பாஷா நாற்பதடி தூரத்தில்தான் நின்றிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐ.டி.ஐ. படித்தவரிடம் நான் போய்க் கேட்பதா?

புதிய வரி ஏறியது. பழையது போனதும் இடம் மறுபடி காலியானது. அழித்ததைத் திருப்பிப் போட அரை நிமிடம்கூட ஆகாது. மேனேஜர் வந்து முதுகில் தட்டினார். அந்தச் சந்தோஷத்தில் டீ குடிக்கப் போய்விட்டேன்.

மதியம், டிரம்களைக் கழுவும் மெஷினில் ஒரு டிரம் சிக்கியது. அங்கே வேலை பார்த்த நாராயணம்மா வழக்கம்போல மூடியைத் தூக்கிக் கையை உள்ளே விட்டார். மூடியைத் தூக்கினால், டிரம்களை இழுத்துப் போகும் செயின் தானாக நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

"மூடியத் தூக்கியும் செயின் நிக்கலயே!" என்று யாரோ கத்தியதும் எனக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் அவரிடம் ஓடினார்கள். நான் கம்ப்யூட்டரிடம் ஓடினேன். அழித்த வரியை மறுபடி போட்டேன். இதை எழுதும்போதுகூட வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

மேனேஜர் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். செயின் நின்றது. மறுபடி தூக்கினார். நின்றது. அப்படியென்றால் மூடி சுவிட்சில் வயர் லூசாக இருந்திருக்கும் என்றார். போன வருடம் அந்த சுவிட்சைப் பொருத்தியவர் லால் பாஷா. அடுத்த மாதம் அவரைப் பர்மனென்ட் ஆக்குவதாக இருந்தது.

"நீ என்னப்பா சொல்ற?" என்று மேனேஜர் என்னிடம் கேட்டார்.

"வயராத்தான் இருக்கும் சார்."

சனிக்கிழமையோடு நின்றுகொள்ளும்படி லால் பாஷாவிடம் சொல்லிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் டூல்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் என்னிடம் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"சார், ஒரு ஒத்தாச பண்ணுங்க. எங்க லூசா இருந்துச்சுன்னு காட்டுங்க. நானும் அஞ்சு தடவ பாத்துட்டேனுங்க, தெரிய மாட்டேங்குது."

"இப்ப எதுக்கு பாஷா அதெல்லாம்?"

"வேற கம்பெனிக்குப் போனாலும் இதே தப்பப் பண்ணிறக் கூடாதுங்க சார். அந்தம்மா கையி..." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் மெஷின் பக்கம் கூட்டிப்போனேன். அங்கே போனதும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து சுவிட்சின் ஒரு ஸ்க்ரூவில் வைத்து முறுக்கினேன். இறுக்கமாக இருந்தது, இம்மிகூட அசையவில்லை.

"இதுதான் பாஷா" என்றேன்.

அவர் குனிந்து அந்த ஸ்க்ரூவை விரலால் தொட்டுப் பார்த்தார். "நாந்தாங்க சார் சரியா முறுக்காம உட்டுட்டேன்" என்றார். எனக்கு நன்றியும் சொன்னார்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், நாராயணம்மாவிடம் அழுது மன்னிப்புக் கேட்டாராம். அவரும் மன்னித்துவிட்டாராம்.