வளையத்தில் விட்ட இடம்

அவளுடைய ஸ்கூட்டரில் முன்விளக்கைச் சுற்றிய வளையமும் பக்கக் கண்ணாடிகளின் இரண்டு தண்டுகளும் தலை சீவிக்கொள்ளும் அளவுக்குப் பளபளத்தன.

"வெயில்ல ஓட்டுறப்போ கண்ணு கூசுது. மூணுக்கும் கறுப்பு அடிச்சுக் குடுங்க" என்றாள்.

கண் மருத்துவமனையில் வேலை என்றும் சொன்னாள். வருகிறவர்களைச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்கிற வேலை. எனக்கோ கடைசி வரி வரைக்கும் தெளிவாகத் தெரியும். இப்படி ஒரு துரதிர்ஷ்டம் எதிரிக்கும் வரக்கூடாது.

வளையத்தின் திருகு துருவேறிக் கழல மறுத்தது. அது கழன்றால்தான் வேலையை ஏற்க முடியும் என்பதால், எங்கள் பெயிண்ட் பட்டறையில் அவள் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. நாங்கள் கொடுத்த முக்காலிக்கு உண்மையில் இரண்டரைக் கால்தான். ஒருபக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். தேநீரில் சர்க்கரை போட மறந்துவிட்டோம். குடித்து முடித்து, தம்ளரையும் கழுவி வைத்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

வண்டியை விட்டுவிட்டுக் கிளம்பும்போது, முதலாளியான என் மாமாவிடம் "வர்றேண்ணா" என்றாள். வண்டிகளின் நெளிவில் புட்டி பூசி நிரவுகிறவரிடமும் "வர்றேண்ணா". என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அந்த ஒரு 'அண்ணா' குறைந்ததை வைத்துக்கொண்டு நான் மூன்று நாள் உயிர் வாழ்ந்தேன்.

"உன்னை அவ மனுஷனாவே எண்ணல. அதான் ஒண்ணும் சொல்லல" என்றார் புட்டிக்காரர். அவருக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். அவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்.

பளபளக்கும் உலோகத்தில் பெயிண்ட் நிற்காது. சோப்புத் தண்ணீரில் கழுவி, தின்னரில் துடைத்து, உப்புத்தாளை நனைத்து மினுக்கு சாகும்வரை தேய்க்க வேண்டும். அப்புறம் வெறும் விரல் படக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கே போதும், அந்த இடம் ஒருநாள் தோலாக உரிந்துவிடும். நான் தேய்த்ததன் மேல் மாமா தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். முத்து முத்தாக நின்றால் மறுபடி தேய்க்கணும். துணி விரித்ததுபோல் படர்ந்தால் அடிப்பூச்சான பிரைமர் அடிக்கலாம்.

"நம்ம கை பட்ட வேலை ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா, மருமகனே?" என்று மாமா அடிக்கடி கேட்பார்.

என் கவலையும் அதேதான். வேலை திரும்பி வராவிட்டால் அவள் எப்படி வருவாள்?

ஆகவே வளையத்தின் ஓரத்தில், நகம் அளவுக்கு ஓரிடத்தைத் தேய்க்காமல் விட்டேன். மாமா தண்ணீர் ஊற்றியபோது அந்த இடத்தில் என் கட்டைவிரல் இருந்தது. பிசுக்கு உபயம் வேறு. இரண்டு மாதத்தில் உரியும் என்று கணக்குப் போட்டேன். அவள் சண்டைக்கு வருவாள், நான் மன்னிப்புக் கேட்பேன், இலவசமாக மறுபடி அடித்துத் தருவேன். அதற்குள் முக்காலிக்கு முழுக் கால் போட்டுவிடலாம்.

மூன்றாம் நாள் வந்தாள். "நல்லாருக்கு" என்றாள். போய்விட்டாள்.

முக்காலிக்குக் கால் போட்டேன். சர்க்கரை டப்பாவுக்கு மேல் கொட்டை எழுத்தில் 'சர்க்கரை' என்று எழுதி ஒட்டினேன். தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலை தானாக எழுந்தது.

"கழுத்து சுளுக்கிக்கப் போவுது" என்றார் புட்டிக்காரர்.

இரண்டு மாதம் நான்கானது. அவள் வரவில்லை.

ஒருநாள் மதியம் பிரைமர் வாங்க மாமா என்னை அனுப்பினார். கண் மருத்துவமனை போகிற வழியில் இல்லை. அந்த வழியாகத்தான் போனேன். வாசலில் அவள் ஸ்கூட்டர் நின்றது.

குனிந்து பார்த்தேன். நான் விட்ட இடம், சொன்ன சொல் தவறாமல் உரிந்திருந்தது. அதன்மேல் அவள் கறுப்பு நகப்பூச்சைப் பூசியிருந்தாள். அது உரிந்து, மறுபடி பூசி, அதுவும் உரிந்து, மறுபடியும் பூசியிருந்தாள். ஓரங்களில் எண்ணினேன். ஐந்து பூச்சு. ஒவ்வொன்றும் கோடு தாண்டாமல், அவ்வளவு பொறுமையாக.

சர்க்கரை இல்லாத தேநீரைச் சத்தமில்லாமல் குடித்தவள். அதை நான் அன்றைக்கே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டு உப்புத்தாள் இருக்கும். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நனைத்து, குந்தி உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினேன். இனி அவள் எதைப் பூசினாலும் நிற்கும். எங்கள் பட்டறை வாசலை அவள் மிதிக்கத் தேவையே இருக்காது.

"தம்பி, யார் வண்டியில என்ன பண்றே?" என்று காவலாளி வந்தார்.

"நாங்க பெயிண்ட் அடிச்ச வண்டிண்ணே. ஒரு இடம் விட்டுப்போச்சு."

"அந்தப் பொண்ணு அஞ்சரைக்குத்தான் வெளிய வரும்."

"அப்படியா" என்றேன்.

மணி மூன்று. நகம் அளவு இடம், இரண்டு நிமிட வேலை. நகப்பூச்சு போனதும் அடியில் மினுக்கில் தெரிந்த என் மூக்கு, தேய்க்கத் தேய்க்க மங்கி மறைந்தது. தண்ணீர் விட்டுப் பார்த்தேன். துணி விரித்ததுபோல் படர்ந்தது.

தாளை மறுபடி நனைத்தேன்.

"இன்னும் எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?" என்றார் காவலாளி.

"அஞ்சரை ஆயிடும்ணே" என்றேன்.