குமுஞ்சாயி என்று எழுதிய கட்டம்

இதில் எவ்வளவு நான் கண்ணால் பார்த்தது, எவ்வளவு பிறகு வாய்வழியாக வந்து சேர்ந்தது என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த வெள்ளை வண்டி பள்ளிக்கூட வாசலில் நின்றது செவ்வாயா புதனா என்பதில்கூட எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. காற்றடித்தது என்கிறார்கள் சிலர். எனக்கு நினைவிருப்பது வெயில். வெர்லீன் அந்தப் பெயரைச் சொன்னாள் என்பது மட்டும் நிச்சயம். கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்ற ஏழெட்டுப் பெண்களில் நானும் ஒருத்தி.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

வெர்லீனின் தங்கை அந்த ஆண்டு ஏப்ரலில் நெடுஞ்சாலையில் வண்டி கவிழ்ந்து இறந்துபோனாள். ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில் வாழும் எங்கள் மக்களிடம், இறந்தவரோடு அவர் பெயரும் போய்விடும். அதே பெயரோடு உயிரோடு இருப்பவர்களையும் அதன்பிறகு யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். குமுஞ்சாயி என்பார்கள். பெயர் இல்லாதவர் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த இன்னொருத்திக்கும் வெர்லீனின் தங்கையுடைய பெயர்தான். ஏப்ரலிலிருந்து அவள் குமுஞ்சாயி ஆனாள். அதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

வீட்டைக் காலி செய்துவிட்டு எல்லோரும் ஓடைக்கரையில் துக்கக் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். வெர்லீனின் அம்மா வழக்கப்படி பேச்சை விட்டுவிட்டாள். பெற்றவளுக்கு அது ஓராண்டு, சில சமயம் இரண்டாண்டு. கையால்தான் எல்லாம் பேசுவாள். விரல் மடங்கினால் தண்ணீர், மணிக்கட்டு திரும்பினால் இங்கே வா. கூடாரம் பிரிந்த மறு வாரம் வெர்லீன் பயிற்சிக்குத் திரும்பினாள்.

குடும்ப இணைப்பாளர் பயிற்சி அது. பள்ளிக்கும் வீடுகளுக்கும் நடுவில் நிற்கிற வேலை. பிள்ளை ஏன் வரவில்லை என்று வீட்டில் போய்க் கேட்க வேண்டும். வீட்டில் சொல்வதைப் பள்ளிக்குப் புரியும்படி எழுத வேண்டும். நூலகத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்க டார்வின் நகரத்திலிருந்து பிரான்வின் வந்திருந்தாள். ஐம்பது வயது, மென்மையாகப் பேசுகிற வெள்ளைக்காரப் பெண். எங்கள் ஊருக்கு வருமுன் ஒரு நாள் வகுப்புக்குப் போய் எங்கள் வழக்கங்களைப் படித்துவிட்டு வந்தவள். குறிப்பெடுத்த தாளைக் கோப்பில் வைத்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன்," என்பாள் பிரான்வின். "எந்தக் கட்டத்தையும் காலியா விடாதீங்க. காலியா விட்டா, மேல இருக்கறவங்க தாங்களே ஏதாவது எழுதிக்குவாங்க."

வெர்லீனுக்குக் கிடைத்த முதல் வீடு ரெனிட்டாவுடையது. ஏழு வயதுப் பெண். பதினான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. வேறெங்கும் இல்லை, துக்கக் கூடாரத்தில் வெர்லீனுக்குப் பக்கத்துப் போர்வையில்தான் அந்தப் பதினான்கு நாளும் தூங்கினாள். அது வெர்லீனுக்குத் தெரியும். இருந்தும் கேட்டு எழுதுவதுதான் வேலை.

முற்றத்தில் நெருப்பருகே ரெனிட்டாவின் சின்னம்மா சப்ரினா ரொட்டி புரட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் மொழியில் சின்னம்மா என்று தனியாகச் சொல் கிடையாது. அம்மாவின் தங்கையும் அம்மாதான்.

"கழுத்துல என்னடி தொங்குது?" என்றாள் சப்ரினா. "மாட்டுக்குக் காதுல குத்துவாங்க. உனக்குக் கழுத்துலயே மாட்டிட்டாங்களா?"

"அடையாள அட்டை, அக்கா. ஸ்கூல்ல குடுத்தது."

"தொலைஞ்சு போனா கண்டுபிடிச்சுக் கொண்டாந்து விடுவாங்கல்ல, நல்லதுதான். உக்காரு. டீ குடிக்கறியா, இல்ல இப்ப நீ கவர்மெண்டா?"

வெர்லீன் சிரித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"ரெனிட்டாவ யாரு பாத்துக்கறாங்கன்னு கேட்டிருக்கு."

"நான்தான். வேற யாரு? அவதான் ஆலிஸ்ல மிஷின்ல கெடக்காளே."

ரெனிட்டாவைப் பெற்றவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப் போயிருந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒரு விடுதியில் தங்கியிருந்தாள். சாலை வழியாக நான்கு மணி நேரம்.

"உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட?"

"அம்மான்னு போடு. இதைக்கூடவா கேப்ப?"

பொறுப்பாளர்: சப்ரினா. உறவு: அம்மா. வெர்லீன் எழுதினாள். அடுத்த கட்டம், பெற்ற தாயின் பெயர்.

பேனா அங்கே நின்றது. அந்தத் தாயின் பெயர் அவளுடைய தங்கையின் பெயர். சப்ரினாவும் படிவத்தைப் பார்த்தாள். பிறகு ரொட்டியைப் பார்த்தாள். நாய் ஒன்று வந்து நெருப்புக்கு அந்தப் பக்கம் படுத்தது. காலியாக விட்டால் மேலே இருப்பவர்கள் தாங்களே எழுதிக்கொள்வார்கள் என்பது வெர்லீனுக்கு நினைவிருந்தது. அவள் குமுஞ்சாயி என்று எழுதினாள். தெளிவாக, பெரிய எழுத்தில். எங்களில் யார் எழுதியிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்போம்.

மறுநாள் காலை பிரான்வின் படிவத்தைப் படித்தாள். அந்தக் கட்டத்தில் அவள் விரல் நின்றது. முகம் மாறியது. கோப்பைத் திறந்து குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தாள். இறந்தவர் பெயருக்குப் பதிலாகச் சொல்வது என்று மட்டும் அதில் இருந்தது. பிறகு மேஜைக்கு மேலாகக் கை நீட்டி வெர்லீனின் கையைத் தொட்டாள்.

"குமுஞ்சாயின்னா என்னன்னு எனக்குத் தெரியும்," என்றாள் தணிந்த குரலில். "ரொம்ப வருத்தமா இருக்கு, வெர்லீன். இதை எழுதறதுக்கு உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்."

தங்கையைத்தான் சொல்கிறாள் என்று வெர்லீன் நினைத்தாள். இத்தனை நாளில் பள்ளியில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஆமா," என்றாள்.

"சமீபத்துலதானா?"

"ஏப்ரல்ல."

பிரான்வின் தலையசைத்தாள். அதற்குமேல் துருவுவது மரியாதையில்லை என்று அவள் படித்திருந்தாள். வெர்லீனும் நன்றியோடு தலையைக் குனிந்துகொண்டாள். அதன்பிறகு பிரான்வின் கணினியில் தட்டினாள். தாய்: இறந்துவிட்டார், ஏப்ரல். பொறுப்பாளர்: தாய் என்று கூறிக்கொள்ளும் பெண்.

அந்தக் கடைசி வரியைப் பட்டணத்தில் யாரோ படித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து வெள்ளை வண்டி வந்தது. ஓட்டுநர் ஒருவர், குழந்தைகள் நலத்துறைப் பெண் ஒருத்தி. வெர்லீனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, ரெனிட்டாவிடம் கொஞ்சம் பேச வேண்டும், அழைத்து வா என்றார்கள். அவளும் போய் அழைத்து வந்தாள். வகுப்பில் களிமண் பிசைந்துகொண்டிருந்த பிள்ளை, கையைக் கழுவாமலே அவள் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தது.

"அத்தை, இன்னிக்கு ரொட்டியா, கறியா?"

"கறின்னு சொன்னாங்க."

"பொய் சொன்னா உன் மூக்கு ஒட்டகம் மாதிரி ஆயிடும்."

அலுவலகத்தில் நலத்துறைப் பெண் தாளை நீட்டினாள். ரெனிட்டாவைப் பட்டணத்துக்கு அழைத்துப் போக உத்தரவு அது. வெர்லீன் முதல் பத்தியைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"இது தப்பு," என்றாள். "இவ அம்மா உயிரோட இருக்கா. ஆலிஸ்ல இருக்கா."

பிரான்வின் எழுந்து நின்றாள். "நீங்கதானே எழுதினீங்க? நான் கேட்டேனே. ஏப்ரல்னு சொன்னீங்களே."

"அது என் தங்கச்சி."

பிரான்வினின் முகத்தில் நிறம் வடிவதை வெர்லீன் பார்த்தாள். புரிந்தது பிரான்வினுக்கு மட்டும்தான் என்பதையும் பார்த்தாள்.

நலத்துறைப் பெண் கோபப்படவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டாள். "சரி. உயிரோட இருக்காங்கன்னா நல்லதுதான். பேரைச் சொல்லுங்க, இப்பவே போன் போட்டுக் கேக்கறேன்."

"குமுஞ்சாயி."

"அது இதுலயே இருக்கு. நெஜப் பேரு?"

"அவளுக்கும் அதேதான்... என் தங்கச்சி பேருதான்."

"அப்போ அந்தப் பேரைச் சொல்லுங்க."

வெர்லீன் வாயைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே, கம்பிவேலி ஓரமாக நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். வண்டியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அவளுடைய அம்மாவும் நின்றாள், துக்கத்துக்குப் பூசிய வெள்ளை மண் இன்னும் முகத்திலிருந்து முழுதாகப் போகாமல். சுவர் தகரம். உள்ளே பேசுவது வெளியே கேட்கும். வெர்லீன் பேனாவை வாங்கிக்கொண்டாள். எழுதிவிடலாம் என்று நினைத்திருப்பாள். முதல் எழுத்தைப் போட்டாள். அதற்குமேல் கை ஓடவில்லை.

"பிரான்வின், உங்க பழைய பதிவேட்டுல இருக்குமே," என்றாள்.

"போன வருஷப் பதிவெல்லாம் டார்வினுக்குப் போயிடுச்சு. கேட்டா வர ரெண்டு நாளாகும்."

"ரெண்டு நாள் பொறுக்க முடியாதா?"

நலத்துறைப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். "உத்தரவு இன்னிக்குத் தேதி போட்டது. எனக்கு அதை மாத்தற அதிகாரம் இல்ல. பேரு குடுத்தா, மேலதிகாரிகிட்டப் பேசி நிறுத்தி வைக்கலாம். அவர் மூணு மணிக்குப் போயிடுவார்."

சுவர்க் கடிகாரத்தில் மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடமும் வெர்லீன் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு அவர்கள் ரெனிட்டாவுக்கு ஆப்பிள் ஒன்றைக் கொடுத்து வண்டியில் ஏற்றினார்கள். சப்ரினாவுக்கு யாரோ சொல்லி, அவள் வெறுங்காலோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். இன்னும் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டவில்லை.

இஞ்சின் கிளம்பிய பிறகுதான் வெர்லீன் வெளியே வந்தாள். வண்டியின் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னாள். முழுப்பெயரும், குடும்பப் பெயரோடு. காதில் விழுந்ததா என்ற சந்தேகத்தில் மறுபடியும் சொன்னாள். கத்தவில்லை. சாதாரணமாக, கடையில் பொருள் கேட்பது போலச் சொன்னாள். நலத்துறைப் பெண் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

"எழுதிக்கிட்டேன். விசாரிக்கறோம்."

வண்டி போய்விட்டது. வேலியோரம் நின்ற நாங்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டோம். நானும்தான். வெர்லீனின் அம்மா அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. வெர்லீன் அவள் எதிரில் போய் நின்றாள். அந்தக் கைகள் எதுவும் சொல்லவில்லை.

"இன்னும் பத்து நிமிஷம் முன்னாடி சொல்லியிருக்கலாமேடி," என்றாள் சப்ரினா, மூச்சிரைக்க. கொஞ்ச நேரம் கழித்து, "இல்லேன்னா சொல்லாமலே இருந்திருக்கலாம்," என்றாள்.

மூன்று நாளில் ரெனிட்டாவின் தாயைக் கண்டுபிடித்தார்கள். உயிரோடுதான் இருந்தாள். ஆனால் அதற்குள் கோப்பில் வேறு தாள்கள் சேர்ந்திருந்தன. பதினான்கு நாள் பள்ளிக்கு வராதது, ஒரே வீட்டில் பதினோரு பேர், தாய் நோயாளி, விடுதியில் குழந்தைகளுக்கு இடமில்லை. பெயரில் நடந்த தவறைத் திருத்தினார்கள். பிள்ளையைத் திருப்பித் தரவில்லை. முதலில் பட்டணத்தில் ஒரு குடும்பத்திடமும், பிறகு அடிலெய்டில் வேறொரு குடும்பத்திடமும் கொடுத்தார்கள். தாய் அவளை ஆறு முறை பார்த்தாள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், அறையில் அதிகாரி ஒருவர் இருக்க. இரண்டாம் ஆண்டு குளிர்காலத்தில் இறந்தாள். சப்ரினா வடக்கே கேத்தரின் என்ற ஊருக்குப் போய்விட்டாள். வருவதில்லை. பிரான்வின் மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள், பதில் வந்ததா என்று தெரியாது. அந்த ஆண்டு முடிவில் வேலையை விட்டாள். வெர்லீனின் சான்றிதழ் தபாலில் வந்தது. அவள் போய் வாங்கவில்லை. கடையில் அலமாரி அடுக்குகிறாள். அம்மா பேச்சுத் தடை முடிந்து எல்லோரோடும் பேசினாள், வெர்லீனோடும் தேநீர் வேண்டுமா என்கிற அளவுக்குப் பேசினாள். போன ஆண்டு போய்ச் சேர்ந்தாள். ரெனிட்டாவுக்கு இப்போது பதினைந்து வயது. எங்கள் மொழி அவளுக்கு மறந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம்.