எந்த மழை?

என் மகள் மோகனப்ரியா போனில் சொன்ன ஒரே வார்த்தையால் சிவந்தி அக்காவின் கருவாடு கெட்டது. அதோடு விட்டதா? மொட்டைமாடியில் மகள் கட்டியிருந்த கம்பிக்கும் ஆபத்து வந்தது. காசிமேட்டில் அந்த வீடு சிவந்தி அக்காவுடையது; நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம்.

அது ரேடியோ அலை பிடிக்கிற கம்பி. மகள் பிஎச்.டி. படித்தாள். ஆஸ்திரேலியக் கரையில் நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசும் நிலையம் ஒன்று இருக்கிறதாம். அதன் அலையில் கொஞ்சம் மேலே கசிந்துபோகும். அங்கே பூமியைச் சுற்றி எலக்ட்ரான்கள் வலையில் சிக்கிய பொடிமீன் மாதிரி மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. இரண்டு பேர் ஒரே தாளத்தில் வலையை உதறினால் மீன் உதிருமே, அப்படி அலையின் தாளமும் எலக்ட்ரானின் தாளமும் ஒத்துப்போனால் அவை கீழே காற்றுமண்டலத்தில் கொட்டும். கொட்டினால் நம் கம்பிக்கு வரும் சிக்னல் ஆடும். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். அந்த வருஷம் முழுக்கக் கம்பி நிற்காவிட்டால் அவள் படிப்பு அம்போ.

எலக்ட்ரான் கொட்டுவதை அவர்கள் மழை என்பார்கள். "இன்னிக்கு மழை நல்லா கொட்டும் சார்" என்று மாடியிலிருந்து பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறாள். கீழே வாசலில் கருவாடு காயவைத்திருந்த சிவந்தி அக்கா, கம்பி கட்டி வானத்தைப் பார்க்கிற பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, அரை ஈரத்தில் அத்தனையும் வாரிக் குவித்துத் தார்ப்பாயால் மூடிவிட்டாள். ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் தெருவே நாறியது.

மீன் வெட்டும் கத்தியோடு மேலே வந்தாள். என் வம்சத்தையே ஒரு சுற்று திட்டினாள். எனக்கு மட்டும் வாய் சின்னதா? நானும் கொடுத்தேன். மகள்தான், நான் சொன்னது மேலே கொட்டுகிற வேறே மழை என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். இன்னொரு தடவை அவள் வாயில் மழை என்ற பேச்சு வந்தால் கம்பி இருக்காது என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கினாள். அதற்கப்புறம் மகள் போனில்கூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் எண்ணூர்ப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா வீட்டுக்குள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் மாடிப்படியில் நின்று கத்தினாள்.

"பெரிம்மா, மழை வந்துகினு கீது, கருவாட்ட எடு!"

அக்கா எழுந்திருக்கவே இல்லை. உன் மழை மேலேயே பெய்யட்டும் போடி என்றாள்.

கொட்டியது பாருங்கள்! நானும் மகளும் ஓடி அள்ளியதில் பாதிதான் தேறியது. சத்தம் கேட்டுக் கடைசியில் வெளியே ஓடிவந்த அக்கா, நனைந்த தலையோடு மாடி ஏறினாள். பாவி மகள் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காற்றில் அவிழ்ந்து கிடந்த கம்பியின் முனையை அக்கா குனிந்து எடுத்தாள். எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"இந்தா, கட்டிக்கோ. கம்பி பூடும்னு தெர்ஞ்சும் சொன்ன பாரு. நான்தான் காதுல வாங்கிக்கல."